புது சுவிங் முறைக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, வலதுகைக்காரன். பல வருடமாக கோல்ஃப் ஆடியும் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 19-ஐ விட்டு இறங்க மறுக்கிறது. டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டை, அதாவது கிளப்) எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. அயர்னில் (எண்ணிட்ட, உலோகத் தலை கொண்ட கிளப்புகள்) பந்தைத் தொடுவதற்கு முன்பே மண்ணில் இடிக்கிறது. ஆடிய மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. என்னோடு ஆடும் நண்பர் ஒருவர் கனடா ஆட்டக்காரர் மோ நார்மனின் ஒற்றைத் தள சுவிங்குக்கு (சுவிங் என்றால் கிளப்பை வீசும் விதம்) மாறிவிட்டார். என்னையும் மாறச் சொல்கிறார். தன்னிடம் கூடுதலாக இருக்கும், எல்லாக் கிளப்பும் ஒரே நீளமான அயர்ன் செட்டை விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். நான் பார்த்த காணொளிகளில் ‘ஸ்டாக் அண்ட் டில்ட்’ முறையும் நியாயமாகத்தான் படுகிறது. என் கோச் இரண்டும் வேண்டாம் என்கிறார். மூன்று மாதத்தில் எங்கள் ஆண்டுப் போட்டி வருகிறது. மாறலாமா? மாறினால் எந்த முறைக்கு? இப்படியெல்லாம் ஆடுவது விதிப்படி சரிதானா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விதியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சுவிங் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கோல்ஃப் விதிகள் எங்கும் சொல்லவில்லை. பந்தைத் தள்ளாமல், இழுக்காமல், வாரி எடுக்காமல் கிளப்பின் தலையால் அடிக்க வேண்டும். கிளப்பை உடம்பில் ஊன்றிக்கொண்டு அடிப்பதை 2016 முதல் தடுத்திருக்கிறார்கள். பட் செய்யும் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும்) கோட்டின் இரு பக்கமும் காலை வைத்து நின்று அடிப்பதை 1968-இலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் சொல்லும் இரண்டு முறையிலும் இவை எதுவும் வருவதில்லை. தாராளமாக ஆடலாம்.

இனி மாறலாமா என்பதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன: டிரைவரில் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைவது), அயர்னில் மண், மறுநாள் இடுப்பு வலி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தைத் தேடுகிறீர்கள். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்க இடமிருக்கிறது. புதிய முறை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட குறையைச் சரிசெய்யப் பிறந்தது. உங்கள் குறையும் அதுவும் பொருந்தினால் பலன் கிடைக்கும். பொருந்தாவிட்டால் பழைய குறை அப்படியே இருக்க, புதிதாக ஒன்றும் வந்து சேரும். அதனால் எந்த முறை என்று கேட்பதற்கு முன், உங்கள் பந்து எதனால் அப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

கிளப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, கிளப் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, முகத்தின் எந்த இடத்தில் பந்து பட்டது, என்ன வேகம், மேலிருந்து இறங்கி வந்து பட்டதா மேலே ஏறும்போது பட்டதா, இவ்வளவுதான் பந்துக்குத் தெரியும். உங்கள் பேக்சுவிங் (கிளப்பைப் பின்னால் தூக்கும் பகுதி) அழகாக இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக்கின் கிளப் மேலே போய் ஒரு வளையம் போட்டுவிட்டுக் கீழே வரும். கோச்சாக இருந்தவர் அவருடைய அப்பாதான்; அவர் அந்த வளையத்தைக் கலைக்கவில்லை. அதே சுவிங்கோடு ஃபியூரிக் 2003-இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். 2016-இல் பிஜிஏ டூர் போட்டியொன்றில் ஒரு சுற்றை வெறும் 58 அடியில் முடித்தார். ஆகவே “வழக்கமான முறை இல்லை” என்பது மட்டும்தான் உங்கள் கோச் சொல்லும் காரணம் என்றால் அது போதாது. “உங்கள் குறைக்கு இது தீர்வில்லை” என்று அவர் சொல்கிறார் என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டில் எது என்று அவரிடமே நேராகக் கேட்டுவிடலாம்.

முதலில் ஸ்லைஸ். பந்து கடைசியில் எங்கே போய் விழுந்தது என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் அது எந்தத் திசையில் புறப்பட்டது என்பதைப் பாருங்கள். பந்து புறப்படும் திசையில் பெரும் பங்கு கிளப்பின் முகத்துடையது. அயர்னில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, டிரைவரில் அதற்கும் கூடுதல். கிளப் போகும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. கிளப் போகும் பாதைதான் பந்தைப் புறப்பட வைக்கிறது, முகம் வளைக்க மட்டும் செய்கிறது என்று முன்பு நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ராடார் கருவிகள் வந்தபிறகு அது தவறு என்று தெளிவாகிவிட்டது. ஆக, உங்கள் பந்து நேராகவோ வலப்பக்கமாகவோ புறப்பட்டு மேலும் வலப்பக்கம் வளைகிறது என்றால் முகம் திறந்திருக்கிறது. இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைகிறது என்றால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டி வருகிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டிரைவரின் முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை லேசாக அடித்துக்கொண்டு சில பந்துகள் அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டங்கள் முகத்தின் நடுவைவிட்டு ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கம், அதாவது கிளப்பின் குதிகால் பக்கம் ஒதுங்கியிருந்தால், உங்கள் ஸ்லைஸில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது. பந்து குதிகால் பக்கம் பட்டால் வலப்பக்கச் சுழற்சி கூடும். அப்படிப்பட்டவர் பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சுவிங்கைத் தொடவே தேவையில்லாமல்கூடப் போகலாம்.

முகம் திறந்திருந்தால் பிடியைப் பாருங்கள். பந்தின் முன் நின்று இடது கையைக் குனிந்து பாருங்கள். ஒரு விரல் முட்டிதான் தெரிகிறதா? அப்படியென்றால் கை தேவைக்கு மேல் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டரை முட்டி தெரியும் அளவுக்குக் கையை வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு உங்கள் வலது தோளைக் காட்ட வேண்டும். கிளப்பை உள்ளங்கையில் வைத்துப் பிடிக்காமல் விரல்களில் வைத்துப் பிடியுங்கள். இது கொஞ்ச நாளைக்கு மிகவும் அசௌகரியமாக இருக்கும். முதல் சில பந்துகள் இடப்பக்கம் பாயும். பாயட்டும். ஸ்லைஸ் அடிப்பவருக்குப் பந்து இடப்பக்கம் போவது நல்ல செய்தி. உங்கள் வயதில், உங்கள் ஹேண்டிகேப்பில் ஸ்லைஸோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் பார்ப்பது பிடியைத்தான். அதைத் திருத்தாமல் எந்த முறைக்குப் போனாலும் திறந்த முகம் உங்களோடு கூடவே வரும்.

அடுத்தது மண். புல்தரையில் பயிற்சி செய்ய முடிகிற இடத்தில், உங்கள் இலக்குத் திசைக்குக் குறுக்கே தரையில் ஒரு கோடு போடுங்கள். சுண்ணாம்புப் பொடியோ பெயிண்டோ எதுவும் சரி. பந்து வேண்டாம். 8-ஆம் எண் அயர்னை எடுத்து, அந்தக் கோட்டில் பந்து இருப்பதாக நினைத்து அடியுங்கள். ஒரு அடி அடித்ததும் கோட்டின் ஓரமாக ஒரு சாண் நகர்ந்து அடுத்ததை அடியுங்கள். பத்து அடி முடிந்ததும் நிமிர்ந்து பாருங்கள். கிளப் தரையைத் தொட்ட தடங்கள் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் நீள வேண்டும். கிளப்பின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்துக்கு மூன்று நான்கு அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். உங்களுக்கு அவை கோட்டுக்குப் பின்னால் விழும், அதிலும் ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று சிதறி விழும் என்று நினைக்கிறேன். பின்னால் விழுவதைவிட இந்தச் சிதறல்தான் முக்கியம். எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் பின்னால் விழுந்தால் பந்தை வைக்கும் இடமே தவறாக இருக்கலாம். சிதறினால் உடம்பு பக்கவாட்டில் அலைகிறது: பேக்சுவிங்கில் வலப்பக்கம் சாய்ந்து போகிறீர்கள், திரும்பி வரும்போது ஒருமுறை நேரத்துக்கு வருகிறீர்கள், மறுமுறை வருவதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டு முறைகளையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

ஸ்டாக் அண்ட் டில்ட் முறையை மைக் பென்னட், ஆண்டி பிளம்மர் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் வகுத்தார்கள். 2007-இல் அது பரவலாகப் பேசப்பட்டது. தாழ்ந்த புள்ளியை நிலைநிறுத்துவதுதான் அதன் உயிர். எடையை வலது காலுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இவர்கள் அந்தப் பயணமே வேண்டாம் என்றார்கள். தொடக்கத்திலேயே எடை இடது காலில் சற்றுக் கூடுதல். பேக்சுவிங்கில் இடது தோள் கீழே இறங்கும், வலது கால் நிமிரும், தலை நகராது. டவுன்சுவிங்கில் எடை இன்னும் இடது காலுக்குப் போகும், இடுப்பு முன்னோக்கி எழும். மண்ணை இடிப்பவருக்கு இந்தக் கருத்து நேரடியாகப் பொருந்துகிறது. காணொளியில் பார்த்தபோது உங்களுக்கு நியாயமாகப் பட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஆனால் இதில் உங்களுக்கு இரண்டு தடைகள். டிரைவரில் பந்தைச் சற்று மேல்நோக்கி அடித்தால்தான் தூரம் கிடைக்கும். எடை முழுவதும் முன்காலில் நிற்கும்போது கிளப் கீழ்நோக்கி வெட்டிவிட எளிது. அந்த முறையில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், கைகள் உள்பக்கமாகப் போக வேண்டும், இடுப்பு எழ வேண்டும் என்று. அதைச் செய்யாமல் எடையை மட்டும் இடது காலில் வைத்தால் ஸ்லைஸ் இன்னும் மோசமாகும். இரண்டாவது தடை உங்கள் இடுப்பு. இடுப்பை முன்தள்ளி எழுவது கீழ்முதுகைப் பின்பக்கமாக வளைக்கும். பின்னால் வளையும்போது உங்களுக்கு வலிக்கிறது என்றால் இந்த முறையை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆரன் பாட்லி, மைக் வியர் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தப் பயிற்சியாளர்களோடு வேலை செய்தார்கள். பின்னர் இருவரும் விலகினார்கள். அதனால் முறை தவறு என்றாகிவிடாது. முழுநேரமும் ஆடுகிறவர்களுக்கே அது எல்லாக் கிளப்புக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஒற்றைத் தள சுவிங்கின் நியாயம் வேறு. வழக்கமாக நிற்கும்போது கைகள் கீழே தொங்கும். முன்கைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கும். பந்தை அடிக்கும் கணத்தில் கைகள் மேலே எழுந்து அந்தக் கோணம் விரிந்துவிடும். அதாவது நின்ற நிலை ஒன்று, அடிக்கும் நிலை இன்னொன்று. கனடாவின் மோ நார்மன் அடிக்கும் நிலையிலேயே நின்றார்: கைகளை நீட்டி, முன்கையும் ஷாஃப்டும் ஒரே கோடாக, கால்களை அகல விரித்து, கிளப்பின் தலையைப் பந்துக்கு ஏறக்குறைய ஒரு அடி பின்னால் வைத்து. 1955, 1956 இரண்டு வருடமும் கனடா அமெச்சூர் பட்டம் அவருக்குத்தான். பந்தை நேராக அடிப்பதில் அவருக்கு நிகர் யார் என்று இன்றும் பேசுகிறார்கள். தன் சுவிங்கைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்டவர்கள் என்று டைகர் வுட்ஸ் இரண்டே பேரைச் சொன்னார்: ஒருவர் பென் ஹோகன், மற்றவர் மோ நார்மன்.

அந்த சுவிங்கை மோ நார்மனுக்கு யாரும் ஒரு முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சிறு வயதிலிருந்து நாள் தவறாமல் நூற்றுக்கணக்கில் பந்தடித்து, அவர் உடம்பிலிருந்து அது விளைந்தது. பின்னர்தான் மற்றவர்கள் அதைப் பாடமாக்கினார்கள். அந்தப் பாடத்தில் நல்லது இருக்கிறது. அசையும் பாகங்கள் குறைவு; உடம்பை முறுக்கும் அளவு குறைவு என்பதால் வயதானவர்கள் பலருக்கு இதமாக இருக்கிறது. இழப்பது பெரும்பாலும் தூரம். கைகள் உயர்ந்து நிற்பதால் உங்கள் கிளப்புகளின் சாய்வுக் கோணத்தையும் நிமிர்த்த வேண்டிவரும். இல்லாவிட்டால் கிளப்பின் நுனி மண்ணில் குத்தும். இதை உங்கள் நண்பர் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் சொல்வதில்லை.

நண்பரின் உற்சாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக ஒரு முறையைத் தொடங்கியதும் முதல் இரண்டு வாரம் யாருக்கும் பந்து நன்றாகப் போகும். கவனம் முழுவதும் ஒன்றில் குவிகிறது. பயிற்சித் திடலில் ஒரே கிளப்பால் ஒரே இலக்கை நோக்கித் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். அந்தச் சமயத்தில் வரும் நல்ல அடிகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். மைதானத்தில், ஒவ்வொரு அடிக்கும் கிளப் மாறும்போது, உங்கள் மோசமான அடி எவ்வளவு மோசம் என்பதைப் பாருங்கள். 19 ஹேண்டிகேப்காரரின் ஸ்கோரை ஏற்றுவது அந்த மோசமான அடிகள்தான். முறை மாறிய பிறகு மோசமான பந்து காட்டுக்குள் போவதை நிறுத்தி ஃபேர்வே (புல் வெட்டிய பாதை) ஓரத்தில் நின்றால் அது பலன். நல்ல பந்து இன்னும் பத்து கெஜம் கூடுதலாகப் போவது பலனில்லை.

இதற்கு ஆகும் காலத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1980-களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் சுவிங்கைக் கலைத்துக் கட்டினார். ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. 1987-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். கடைசிச் சுற்றில் பதினெட்டுக் குழியிலும் பார், அதாவது அந்தந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை. உலகத் தரத்து ஆட்டக்காரர், முழுநேரமும் அதே வேலை, பக்கத்திலேயே பயிற்சியாளர், அவருக்கே இரண்டு வருடம். வாரம் ஒருநாள் ஆடுகிறவர் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. ஆறாவது வாரத்தில் ஸ்கோர் ஏறியதும் பயந்து பழையதுக்குத் திரும்பி, மறுபடி புதியதைத் தொட்டு, இரண்டும் கலந்து நிற்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். முறை மாற்றத்தில் அரைக்கிணறு தாண்டுவதுதான் ஆபத்து. பிடி ஒரு முறையிலிருந்தும் நிற்பது இன்னொன்றிலிருந்தும் எடை மூன்றாவதிலிருந்தும் எடுத்தால், ஒன்றையொன்று சரிக்கட்டும் பாகங்கள் சரிக்கட்டாமல் போய்விடும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? போட்டி முடியும்வரை முறை மாற்றம் வேண்டாம். மூன்று மாதம் இதற்குப் போதாது. உங்கள் கோச் சொன்னதில் இந்தப் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். அதுவரை மூன்று வேலை போதும்.

பிடியை மேலே சொன்னபடி திருத்துங்கள். வீட்டில் கிளப்பை எடுத்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பிடித்து விடுங்கள். பந்து அடிக்கக்கூட வேண்டாம்.

மண்ணுக்கு, கோட்டுப் பயிற்சியை 8-ஆம் எண் அயர்னில் அரை சுவிங்காகச் செய்யுங்கள். எடை இடது காலில் சற்றுக் கூடுதலாக, அங்கேயே தங்கும்படி. அரைகுறையாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவரே ஸ்டாக் அண்ட் டில்ட்டில் பாதியைத் தருகிறாரே என்று நினைப்பீர்கள். இது எந்த ஒரு முறைக்கும் சொந்தமான பயிற்சி இல்லை. தாழ்ந்த புள்ளியை உணர வைக்கப் பல கோச்சுகள் நெடுநாளாகக் கொடுத்துவருவது. அரை சுவிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டிரைவரில் இதை முயல வேண்டாம்.

இடுப்புக்கு, முதலில் ஒரு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். முன்னால் குனியும்போது வலிக்கிறதா, பின்னால் வளையும்போதா, முறுக்கும்போதா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் முறை தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பதில்தான் வழிகாட்டும். அவர்கள் அனுமதித்தால் பேக்சுவிங்கில் இடது குதிகாலைத் தரையிலிருந்து எழ விடுங்கள். காலை ஊன்றிவைத்து மேலுடம்பை மட்டும் முறுக்குவது பின்னாளில் பரவிய பழக்கம். பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லஸும் குதிகாலை எழுப்பித்தான் ஆடினார்கள். இடுப்பும் சேர்ந்து திரும்பும்போது கீழ்முதுகில் விழும் இழுப்பு குறையும். பலருக்கு “மாற்று முறை”யில் கிடைக்கும் என்று தேடிய இதம் இந்தப் பழைய வழக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

போட்டி முடிந்தபின் கோட்டுப் பயிற்சியை மறுபடி செய்து பாருங்கள். தடங்கள் கோட்டுக்கு முன்னால் வந்து, ஒரே இடத்தில் கூடியிருந்தால், உங்களுக்கு எந்தப் புது முறையும் தேவையில்லை. இருக்கும் சுவிங்கோடு தொடருங்கள். இன்னும் சிதறினால், பின்வளைவில் இடுப்பு வலிக்காத பட்சத்தில் ஸ்டாக் அண்ட் டில்ட்டைத் தெரிந்தவரிடம் முழுமையாகக் கற்றுக்கொள்ளலாம். பின்வளைவில் வலித்தால், அல்லது முறுக்கும்போது வலித்தால், ஒற்றைத் தளம் பக்கம் போங்கள். கொஞ்சம் தூரத்தை விட்டுக்கொடுத்து வருடம் முழுவதும் வலியில்லாமல் ஆடுவது 54 வயதில் நல்ல பேரம் என்றே நினைக்கிறேன். எதுவானாலும் அந்த முறையைச் சொல்லிக்கொடுக்கிற ஒருவரிடம் மட்டும் போங்கள். உங்கள் கோச்சிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேரிடம் கற்க வேண்டாம். மாறும் காலத்து ஸ்கோர்களையும் விடாமல் பதிவு செய்யுங்கள். கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ வைத்துத்தான் ஹேண்டிகேப் கணக்காகிறது; சில மோசமான சுற்றுகள் உங்களைக் கவிழ்த்துவிடாது.

நண்பரின் அயர்ன் செட்டை இப்போது வாங்காதீர்கள். ஒரே நீளம் என்பது வேறு, ஒற்றைத் தளம் என்பது வேறு. ஒன்று இல்லாமலே மற்றதை ஆடலாம். அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ எல்லா அயர்னையும் ஏறக்குறைய 37.5 அங்குலமாக வைத்து ஆடி 2020, 2024 இரண்டு வருடமும் அமெரிக்க ஓப்பனை வென்றார், உண்மைதான். ஆனால் அவர் சுவிங் வேகம் நமக்குக் கிடையாது. வேகம் குறைந்தவர் கையில் நீளம் குறைக்கப்பட்ட 4, 5-ஆம் எண் அயர்ன் பந்தை உயரத் தூக்காது. நீளம் கூட்டப்பட்ட வெட்ஜ் (கிட்டத்து அடிகளுக்கான கிளப்) எதிர்பார்த்ததைவிடத் தூரம் போகும். நடுவில் இருக்கும் கிளப்புகளுக்குள் தூர வித்தியாசம் சுருங்கிவிடும். நண்பரிடம் அந்த செட்டின் 5-ஆம் எண் அயர்னையும் வெட்ஜையும் மட்டும் ஒருநாள் இரவல் வாங்கி, உங்களுடையவற்றோடு மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். 5-ஆம் எண்ணில் பந்து உங்கள் பழைய அயர்ன் அளவுக்கு எழுந்து கிரீனில் (குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரை) நிற்கிறது என்றால், அப்போது விலை பேசலாம்.